நம் கடையைப் பற்றி ஊர் பேசுவது நம் காதுக்கு வருகிறதா?

2021 செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் ட்விட்டரிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரு செய்தி சுற்றியது. கடைகளில் பாக்கெட்டில் விற்கும் ஐடி ஃப்ரெஷ் நிறுவனத்தின் இட்லி, தோசை மாவில் மாட்டெலும்பும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளும் கலக்கப்படுகின்றன, அங்கே முஸ்லிம்களை மட்டும்தான் வேலைக்கு வைக்கிறார்கள் என்பது அதன் சாரம். வயநாட்டைச் சேர்ந்த பி.சி. முஸ்தஃபாவும் அவருடைய உறவுக்காரச் சகோதரர்களும் 2005ல் பெங்களூரில் தொடங்கிய நிறுவனம் அது. செய்தி பரவத் தொடங்கியதும் நிறுவனம் வெளிப்படையாகப் பதில் சொன்னது. அரிசி, உளுந்து, வெந்தயம், சுத்திகரித்த தண்ணீர், இவைதான் எங்கள் மாவில் இருக்கின்றன. விலங்குப் பொருள் எதுவும் இல்லை என்றது. ஊடகங்களும் உண்மை சரிபார்க்கும் தளங்களும் அதை எடுத்து எழுதின.

அந்தப் பதிலின் பலம் அதன் எளிமையில் இருக்கிறது. யாரையும் திட்டவில்லை. நான்கு பொருள்களின் பெயரைச் சொன்னது. மாவு அரைக்கும் எந்த வீட்டிலும் அந்த நான்கும் தெரிந்தவை. ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று அதற்கு முன்னால் நடந்திருக்கிறது. தங்களைப் பற்றி இப்படி ஒரு பேச்சு ஓடுகிறது என்பது அவர்களுக்கு நேரத்தோடு தெரிந்திருக்கிறது.

காரைக்காலில் பாரதியார் சாலையில் துணிக்கடை வைத்திருப்பவருக்கு, திருநள்ளாறு சாலையில் பிரியாணிக் கடை நடத்துபவருக்கு, நோன்பு மாதத்தில் வீட்டிலிருந்தே சமோசா செய்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் விற்கும் சகோதரிக்கு அது தெரிய வருமா? பெரும்பாலும் வராது. வந்தாலும் கடைசியாகத்தான் வரும். ஊர் முழுக்கப் பேசி முடித்த பிறகு, "ஏன் காக்கா, உங்க கடையைப் பத்தி ஒரு மாதிரி சொல்றாங்களே" என்று ஒரு பழைய வாடிக்கையாளர் தயங்கித் தயங்கிச் சொல்லும்போதுதான் கடைக்காரருக்கு விஷயமே புரிகிறது.

பெரிய நிறுவனங்கள் இதற்கென்று மென்பொருள் வைத்திருக்கின்றன. நிறுவனத்தின் பெயர் இணையத்தில் எங்கே வந்தாலும் அது பொறுக்கி எடுத்துக் கொடுக்கும். பேச்சு பாராட்டா, குறையா என்றும் தரம் பிரிக்கும். மாதச் சந்தா கட்டி இதை வாங்குங்கள் என்று நம் ஊர் வணிகர்களிடமும் விற்க வருபவர்கள் உண்டு. வாங்குவதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும். நம் மக்கள் எங்கே பேசுகிறார்கள்? மஹல்லா குழுவில், பள்ளிக்கூடத் தாய்மார்கள் குழுவில், துபாயிலும் சிங்கப்பூரிலும் பிரான்சிலும் இருக்கும் ஊர்க்காரர்களின் குழுவில். வாட்ஸ்அப் உரையாடல்கள் 2016 முதல் முழுமையாகக் குறியாக்கம் செய்யப்பட்டவை. அனுப்பியவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடியும். எந்த மென்பொருளும் அதற்குள் எட்டிப் பார்க்காது. வெளியே பேசுகிற கொஞ்சப் பேச்சும் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். "செம", "மொக்க", "காசு வேஸ்ட்" என்பதை ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறார்கள். கிண்டலாகச் "சூப்பர் பாய், இன்னும் ரெண்டு மணி நேரம் காத்திருக்கிறோம்" என்று எழுதினால் மென்பொருள் அதைப் பாராட்டு என்று கணக்கில் சேர்த்துவிடும் வாய்ப்பு அதிகம்.

ஆகவே முதல் காது மனிதக் காதுதான். பார்சல் கட்டும் பையன், கல்லாவில் இருப்பவர், வீட்டுப் பெண்கள், சபரில் இருக்கும் மச்சான், இவர்கள் எல்லோருமே ஏதாவது ஒரு குழுவில் இருக்கிறார்கள். கடையைப் பற்றி எது கேள்விப்பட்டாலும் அன்றைக்கே சொல்லுங்கள், சொன்னதற்காகக் கோபப்பட மாட்டேன் என்று முதலாளி ஒருமுறை தெளிவாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது பாதி முக்கியம். குறை சொன்ன ஊழியரிடம் முதலாளி எரிந்து விழும் கடையில் மூன்றாவது நாளிலிருந்து எந்தச் செய்தியும் மேலே வராது.

பொதுவெளியில் இருப்பதைப் பார்க்கச் செலவு ஒன்றும் இல்லை. கூகுள் வரைபடத்தில் கடையின் பெயர் இருந்தால் அதற்கு உரிமை கோரி உங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். உரிமை கோராமல் கிடக்கும் கடைகள் எத்தனையோ. அவற்றின் கீழே வாடிக்கையாளர்கள் மாதக்கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், பதில் சொல்ல ஆளில்லை. கூகுள் அலர்ட்ஸ் என்ற இலவச வசதியில் கடையின் பெயரைக் கொடுத்து வைத்தால், இணையப் பக்கங்களில் அந்தப் பெயர் வரும்போது மின்னஞ்சல் வரும். பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொடுக்க வேண்டும். நம் ஊர்ப் பெயரையே ஆங்கிலத்தில் ஒரு விதமாகவும் பிரெஞ்சுக்காரர் வழியில் இன்னொரு விதமாகவும் எழுதுகிறார்கள், கடைப் பெயருக்குக் கேட்கவே வேண்டாம். இன்ஸ்டாகிராமிலும் முகநூலிலும் வாரம் ஒருமுறை தேடிப் பார்ப்பது கணக்கு நோட்டைப் பார்ப்பதுபோல வழக்கமாகிவிட்டால் போதும்.

கேட்டதை வைத்து என்ன செய்வது என்பதில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறோம். காதுக்கு வருவது எல்லாம் ஒரே வகை அல்ல. சில பேச்சு குறை. சில பேச்சு வதந்தி. சில பேச்சு வெறுப்பு. மூன்றுக்கும் ஒரே மருந்து கொடுக்கும்போதுதான் நோய் முற்றுகிறது.

குறையிலிருந்து தொடங்குவோம். 2022 மே மாதம் 1ஆம் தேதி கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட ஒரு மாணவி இறந்தார்; பலர் மருத்துவமனையில் சேர்ந்தனர். ஷிகெல்லா கிருமி காரணம் என்று சோதனையில் தெரிந்தது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தார். அதன் பிறகு தமிழகம் முழுவதும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் கடை கடையாகச் சோதனை செய்தார்கள். ஷவர்மா தொழிலில் நம் சமுதாய இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வளைகுடாவில் கற்றுக்கொண்டு வந்து ஊரில் கடை போட்டவர்களும் உண்டு. அந்த நாட்களில் சமூக ஊடகங்களில் ஷவர்மாவைப் பற்றி வந்த பேச்சில் வெறுப்பும் கலந்திருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்குள்ளே ஒரு தாயின் நியாயமான கேள்வியும் இருந்தது: இந்த இறைச்சி உள்வரை வெந்திருக்கிறதா? மீந்ததை நேற்று எங்கே வைத்தார்கள்? மயோனைஸ் எப்போது அடித்தது?

இந்தக் கேள்விக்கு "நாங்கள் முஸ்லிம்கள் என்பதால் குறிவைக்கிறார்கள்" என்பது பதில் ஆகாது. சில இடங்களில் அப்படிக் குறிவைப்பது உண்மையாகவே நடக்கிறது. அதனாலேயே அந்த வார்த்தையை வீணாகச் செலவழிக்கக் கூடாது. கெட்டுப்போன இறைச்சியைக் காப்பாற்ற அதைப் பயன்படுத்தினால், உண்மையில் அநீதி நடக்கும் நாளில் நம் பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள். மேலும் அந்தக் கடையில் அதிகம் சாப்பிடுவது நம் பிள்ளைகள்தான்.

நம் ஊரிலேயே ஒரு பாடம் நடந்தது. 2022 ஜூலை முதல் வாரத்தில் காரைக்காலில் காலரா கண்டறியப்பட்டு, புதுச்சேரி அரசு பொதுச் சுகாதார அவசர நிலையை அறிவித்தது. பள்ளி, கல்லூரிகளுக்கு மூன்று நாள் விடுமுறை விட்டார்கள். வயிற்றுப்போக்கால் பாதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. அப்படிப்பட்ட வாரத்தில் ஓர் உணவகத்தைப் பற்றி மக்கள் மனதில் இருக்கும் கேள்வி பிரியாணியின் ருசியைப் பற்றியதல்ல. தண்ணீரைப் பற்றியது. எந்தத் தண்ணீர், கொதிக்க வைத்ததா, பாத்திரம் கழுவுவது எதில் என்பது. இதைக் கேட்டறிந்த கடைக்காரர் செய்யக்கூடியது ஒரு கொதிகலனும் வாசலில் ஒரு பலகையும்தான். அதையே ஒரு நிமிட வீடியோவாக எடுத்து ஸ்டேட்டஸில் போட்டால் பிரான்சில் இருக்கும் மகள் பார்த்துவிட்டு "வாப்பா, அந்தக் கடையில் வாங்குங்கள்" என்று இங்கே சொல்வாள். பேச்சைக் கேட்பது என்பது கடைசியில் அடுப்படியில் ஏதாவது மாற வேண்டும். மாறாவிட்டால் அது வெறும் வேவு.

பதில் சொல்லும் முறைக்கு சொமேட்டோ நிறுவனத்தின் கதையைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம். 2021 அக்டோபர் 18 அன்று தமிழக வாடிக்கையாளர் ஒருவருக்கு வந்த பார்சலில் ஒரு பொருள் குறைந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டார். உதவிப் பிரிவில் இருந்தவர், மொழிப் பிரச்சினையால் உணவகத்துடன் பேச முடியவில்லை என்றும், இந்தி தேசிய மொழி, எல்லோருக்கும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்றும் எழுதினார். அந்த உரையாடலின் படத்தை வாடிக்கையாளர் ட்விட்டரில் போட, சொமேட்டோவைப் புறக்கணிப்போம் என்ற முழக்கம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. கனிமொழி எம்.பி. கருத்துச் சொன்னார். மறுநாள் நிறுவனம் தமிழிலும் ஆங்கிலத்திலும் மன்னிப்புக் கேட்டது, ஊழியரை நீக்கிவிட்டதாகச் சொன்னது. சில மணி நேரத்தில் நிறுவனர் தீபிந்தர் கோயல் அந்த ஊழியரைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தார்; அறியாமல் செய்த ஒரு பிழை தேசியப் பிரச்சினையாகிவிட்டதே என்று வருந்தினார்.

தமிழில் மன்னிப்புக் கேட்டது சரி. தமிழில் செயலி கொண்டுவருகிறோம், கோவையில் உதவி மையம் அமைக்கிறோம் என்று சொன்னதும் சரி. ஊழியரைக் காலையில் நீக்கிவிட்டு மாலையில் சேர்த்தது, கூச்சலின் வேகத்தில் முடிவெடுத்ததைக் காட்டிக் கொடுத்தது. கீழே இருப்பவரைப் பலி கொடுத்துத் தப்பிக்கும் பழக்கம் நம் கடைகளிலும் இருக்கிறது. ஒரு மோசமான விமர்சனம் வந்தவுடன் "அந்தப் பையனை நிறுத்திவிட்டோம்" என்று எழுதுகிறோம். பையனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்பதில்லை. அதோடு, இவ்வளவுக்கும் காரணம் பார்சலில் குறைந்த ஒரு பொருள். அதற்கான பணம் ஐந்து நிமிடத்தில் திரும்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வதந்திக்கு வருவோம். இதில் வேகம் வேண்டும், ஆதாரமும் வேண்டும். ஆதாரம் வதந்தி வருவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் 2022 ஜனவரி 1 முதல் ரசீதில் இருக்க வேண்டும் என்பது விதி. எத்தனை ரசீதுகளில் இருக்கிறது? இறைச்சி எங்கிருந்து வாங்கினோம் என்பதற்கான பில், தண்ணீர்ச் சோதனை அறிக்கை, ஊழியர்களின் மருத்துவச் சான்று ஆகியவை ஒரு கோப்பில் இருந்தால், பொய் பரவிய ஒரு மணி நேரத்தில் படம் எடுத்துப் போடலாம். இல்லாவிட்டால் "அல்லாஹ் அறிவான்" என்று சத்தியம் செய்துகொண்டு நிற்க வேண்டியதுதான். பொய்யை மறுக்கும்போது அந்தப் பொய்யையே மறுபடி அனுப்பாதீர்கள். வந்த செய்தியின் படத்தைப் பெரிதாகப் போட்டு "இதை நம்பாதீர்கள்" என்று எழுதினால், பாதிப் பேர் படத்தை மட்டும்தான் பார்ப்பார்கள்.

வாட்ஸ்அப் 2018ல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. பலமுறை கைமாறிய செய்திக்கு இரட்டை அம்புக்குறி இடுகிறது. 2020 ஏப்ரல் முதல் அதை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும். வீட்டில் பெரியவர்களுக்கு இந்த இரட்டை அம்பைக் காட்டிக் கொடுப்பது நல்லது. செய்தி வந்தால் விசாரித்துத் தெளிவுபடுத்திக்கொள்ளச் சொல்லும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாவது வசனத்தை நாம் மேடையில் அடிக்கடி கேட்கிறோம். பக்கத்துக் கடையைப் பற்றி வந்த செய்தியை இரவு பதினோரு மணிக்கு நான்கு குழுக்களுக்குத் தள்ளிவிடும்போது மட்டும் அது நினைவுக்கு வருவதில்லை. போட்டிக் கடைக்காரர் முஸ்லிமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது பொருந்தும்.

வெறுப்பு வேறு வகை. 2022ல் இமாலயா மருந்து நிறுவனத்தைப் புறக்கணிக்கச் சொல்லி ஒரு பிரச்சாரம் நடந்தது. 1930ல் முஹம்மது மனால் டேராடூனில் தொடங்கிய நிறுவனம் அது. ஹலால் சான்று வைத்திருப்பதால் மருந்தில் இறைச்சி இருக்கிறது என்றார்கள். பல நாடுகளுக்கு ஏற்றுமதி செய்ய அந்தச் சான்று தேவை, எங்கள் பொருள்களில் இறைச்சி இல்லை என்று நிறுவனம் விளக்கியது. இங்கே விளக்கம் யாருக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். பிரச்சாரம் செய்தவர்களை மாற்றுவதற்கு அல்ல. மருந்துக்கடை வாசலில் குழம்பி நிற்கும் சாதாரண வாடிக்கையாளருக்கு. ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டு, பின்னூட்டங்களில் இரவெல்லாம் மல்லுக்கட்டாமல் விடுவதுதான் புத்திசாலித்தனம்.

கூச்சலை வாடிக்கையாளரின் குரல் என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் உண்டு. முஸ்லிம் குடும்பத்தில் இந்து மருமகளுக்கு வளைகாப்பு நடப்பதுபோல எடுத்த விளம்பரத்தை 2020 அக்டோபரில் தனிஷ்க் நிறுவனம் ஊழியர்களின் பாதுகாப்பைக் காரணம் சொல்லித் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு மே மாதம், கொரோனா ஊரடங்கில், சென்னை தியாகராய நகரில் ஒரு பேக்கரி தன்னிடம் முஸ்லிம் ஊழியர்கள் இல்லை என்று வாட்ஸ்அப்பில் விளம்பரமே செய்தது. முஸ்லிம்கள் நோயைப் பரப்புகிறார்கள் என்ற பொய் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. காவல்துறை உரிமையாளரைக் கைது செய்தது. சமூக ஊடகப் பேச்சைக் கேட்டு அதற்கேற்ப நடப்பது என்று மட்டும் சொன்னால் அந்தப் பேக்கரி செய்ததும் அதுதான். எதைக் கேட்டு நடக்கிறோம் என்ற கேள்வியை விட்டுவிட முடியாது.

இன்னொரு எல்லையும் இருக்கிறது. மேலே சொன்ன அதே அத்தியாயத்தின் 12ஆவது வசனம் பிறரைத் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் தடுக்கிறது. பொதுவில் எழுதியதைப் படிப்பது வேவு அல்ல. வேறு பெயரில் ஒரு பெண்கள் குழுவுக்குள் நுழைந்து யார் என்ன சொன்னார்கள் என்று பார்ப்பது வேவு. குழுவில் நம்பிப் பேசிய ஒருவரின் எழுத்தைப் படம் எடுத்து, பெயரோடு, அவர் வீட்டு ஆண்களுக்கு அனுப்பி "சொல்லி வையுங்கள்" என்பது அதைவிட மோசம். ஒரு நட்சத்திரம் கொடுத்தவருக்குத் தொலைபேசியில் மிரட்டல் விடுவதும் அப்படித்தான். வாடிக்கையாளர்கள் எண்களை எல்லாம் ஒரே குழுவில் சேர்த்துவிடும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும்; குழுவில் சேர்த்தால் ஒவ்வொரு பெண்ணின் எண்ணும் முன்பின் தெரியாதவர்களுக்குத் தெரிகிறது. ஒலிபரப்புப் பட்டியலில் போட்டால் எண் வெளியே தெரியாது. 2023ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வாடிக்கையாளரின் விவரங்கள் அவருடையவை என்ற அடிப்படையில்தான் நிற்கிறது.

பணம் கொடுத்து நல்ல விமர்சனம் வாங்குவது பெருகிவிட்டது. ஐம்பது விமர்சனம் இவ்வளவு ரூபாய் என்று விலை பேசுகிறார்கள். இணைய விமர்சனங்களுக்கென்று 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஒரு தரநிலையை வெளியிட்டது; காசு வாங்கிக்கொண்டு எழுதுவதை அது ஏற்கவில்லை. நமக்கு அதைவிடப் பழைய தரநிலை இருக்கிறது. மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்த தானியக் குவியலுக்குள் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கையை விட்டுப் பார்த்த சம்பவம் எல்லோரும் அறிந்தது. விலைக்கு வாங்கிய ஐந்து நட்சத்திரங்கள் அந்தக் குவியலின் மேற்பரப்புதான்.

வதந்தி எல்லை மீறினால் சட்டத்திடம் போகலாம். நம் ஊருக்கு இதில் ஒரு சிக்கல். வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், அது தமிழகக் காவல்துறை. இந்தப் பக்கம் புதுச்சேரி. வாட்ஸ்அப் குழுவுக்கு அந்த எல்லை தெரியாது, புகார் கொடுக்கப் போகிறவருக்கு மட்டும் தெரியும். நிதி மோசடிக்கான 1930 என்ற எண்ணும் தேசிய இணையக் குற்றப் புகார்த் தளமும் நாடு முழுவதற்கும் பொது என்பதால், தளத்தில் பதிவு செய்துவிட்டு அந்த எண்ணோடு காரைக்கால் காவல் நிலையத்துக்குப் போவது நல்லது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அவதூறுக்கு 356ஆம் பிரிவும், மதங்களுக்கிடையே பகை வளர்ப்பதற்கு 196ஆம் பிரிவும் உள்ளன. முகநூல், எக்ஸ், வாட்ஸ்அப் போன்ற தளங்களின் குறைதீர் அதிகாரி புகாரை 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், குறித்த காலத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன.

எங்கே போனாலும் முதலில் கேட்பது ஆதாரம். அவசரத்தில் நம்மவர்கள் செய்வது, செய்தியைப் பார்த்ததும் கோபத்தில் அழித்துவிடுவது, அல்லது அனுப்பியவரைத் திட்டி அவரே அழிக்கும்படி செய்துவிடுவது. அதற்கு முன் தேதியும் நேரமும் அனுப்பியவர் எண்ணும் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். பதிவாக இருந்தால் அதன் முகவரியை நகல் எடுத்து, வீட்டில் இன்னொருவர் கைப்பேசியிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.